விதர்கில் கோத்திரம்

சிட்லபாக்கம்,
14 ஜூன் 2003

சிரஞ்சீவி பட்டுவுக்கு அண்ணா ஸ்ரீரங்கன் ஆசீர்வாதம். இங்கே நான், உன் மன்னி காமு, குழந்தை சுப்ரஜா மூவரும் சௌக்கியம். நீயும் உன் பிள்ளை உமேஷும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்காலுக்கு லீட்ஸ் குளிர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே மழை பொய்த்துவிட்டது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்பதில் காமு இப்போது தெருவுக்கே தலைவி.

ஒரு சின்ன விஷயம். என்னோடு தபால் இலாகாவில் இருந்த லக்ஷ்மிநாராயணனை உனக்கு நினைவிருக்கும். அவர் பெண் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்கிறாளாம். பையன் ஆங்கிலோ-இந்தியன். பெயர் டெரன்ஸ் விதர்கில். பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் வீடு. அப்பா எலெக்ட்ரிக் டிரெயின் ஓட்டி ரிடையர் ஆனவர்.

லக்ஷ்மிநாராயணனுக்குத் தூக்கம் போய்விட்டது. நம் பக்கத்துப் பையன் என்றால் விசாரிக்க வழி உண்டு. பூர்வீகம் எது, கோத்திரம் எது, யார் அகத்துச் சம்பந்தம் என்று நாலு பேரைக் கேட்டால் மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். இவர்களை யாரிடம் போய்க் கேட்பது? நான்தான் ஒரு யோசனை சொன்னேன். நமக்குப் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு பெயர், அது மாறுவதே இல்லை. அப்படியென்றால் அது கோத்திரம் மாதிரிதானே. என் தங்கை சீமையிலேயே இருக்கிறாள், விசாரித்துச் சொல்வாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

போன் வேண்டாம், அது கூடத்தில் இருக்கிறது. இ-மெயிலும் வேண்டாம், உமேஷ் கண்ணில் பட்டுத்தான் உன்னிடம் வரும். கடிதமாகவே எழுது.

உன் க்ஷேமத்தைக் கோரும்
ஸ்ரீரங்கன்


லீட்ஸ்,
28 ஜூன் 2003

அண்ணாவுக்குப் பட்டுவின் நமஸ்காரம். மன்னிக்கும் சொல். முழங்கால் பரவாயில்லை. இங்கே வெயில் காலம் என்கிறார்கள், நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

லக்ஷ்மிநாராயணனுக்கு இரண்டுமே பிள்ளைகள். பெரியவன் பூணூலுக்கு நான் வந்து இரண்டு பந்தி பரிமாறியிருக்கிறேன். நடுவில் பெண் எப்போது பிறந்தாள்? காட்டாங்குளத்தூரில் காலேஜ் வேலைக்குப் போகிற பெண் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளுக்கு நான் அத்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் அதற்குக் கொஞ்சம் பெரிய தட்டு வேண்டும் அண்ணா.

கோபித்துக்கொள்ளாதே. சுப்ரஜா விஷயம் என்றால் நான் விசாரிக்காமல் யார் விசாரிப்பார்கள்? ஆனால் நிஜத்தை எழுது.

உமேஷுக்கும் முப்பது ஆகப்போகிறது. அவன் ஜாதகம் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதைப்பற்றி உன்னிடம் பேசவேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அதற்கென்ன. உடம்பைப் பார்த்துக்கொள். லாரி தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அன்புடன்,
பட்டு


சிட்லபாக்கம்,
13 ஜூலை 2003

பட்டுவுக்கு ஆசீர்வாதம். அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். காமு இரண்டு வாரமாக என்னோடு பேசுவது சாப்பாட்டு வேளையில் மட்டும். சுப்ரஜா அதுவும் இல்லை.

ஆமாம், நம் சுப்ரஜாதான். ஓடிப்போகமாட்டேன், உங்கள் சம்மதம் இல்லாமல் செய்துகொள்ளவும் மாட்டேன், ஆனால் வேறு யாரையும் செய்துகொள்ளமாட்டேன் என்கிறாள். சண்டை போட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம்.

போன ஞாயிறு பீர்க்கன்கரணைக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். ஏரி வற்றிப்போய்ப் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுகிறார்கள். நானும் அதைப் பார்க்கிற மாதிரி எதிரே நின்றேன். வாசலில் ஒருவர் அரை டிராயரோடு ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல கறுப்பு, நரைத்த மீசை. நம் ஊர் மெக்கானிக் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கி, “இன்னா சார், ரொம்ப நேரமா வெயில்ல நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க, மோர் கீது” என்றார். அவர்தான் ஹெக்டர் விதர்கில், பையனின் அப்பா. நான் யாரென்று சொல்லாமல் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மோரில் கறிவேப்பிலை போட்டிருந்தார்கள். 

மனுஷர் நல்லவர். ஆனால் மோர் கொடுத்தார் என்று பெண்ணைக் கொடுத்துவிட முடியுமா? நம் அப்பா அம்மா இப்போது இல்லை. நம் பக்கத்தில் எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான். ஆகையால் சுப்ரஜாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். அத்தை விசாரித்து நல்ல குடும்பம் என்று எழுதினால் எனக்குச் சம்மதம், இல்லையென்றால் இல்லை. அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள். பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கன்


லீட்ஸ்,
3 ஆகஸ்ட் 2003

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கு இருவரும் நலம். பாரத்தை என்னைக் கேட்காமலே ஏற்றிவிட்டாய். போகட்டும்.

உமேஷிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சனிக்கிழமை அவன் என்னை இங்குள்ள பெரிய லைப்ரரிக்கு அழைத்துக்கொண்டு போனான். ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் இதற்கென்றே ஓர் அறை. அங்கே இருந்த அம்மாளிடம் விதர்கில் என்றதும், அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கேட்டுக்கொள். விதர்கில் என்பது முதலில் ஆள் பெயரே இல்லை, இடத்தின் பெயர். இங்கிருந்து வடக்கே மலைப்பக்கத்தில் ஓர் ஓடை. கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த ஜாதி மரம் நிற்கிற ஓடை என்று அர்த்தமாம். ஆயிரம் வருஷம் முன்னால் கடல் தாண்டி வந்து குடியேறினவர்களின் பாஷை. ஓடைக்கரையில் ஒரு பண்ணை வீடு, அந்த வீட்டுக்காரர்கள் வேறெங்கே போனாலும் “விதர்கில்காரன்” என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நம்மில் தஞ்சாவூரான், மன்னார்குடியான் என்கிற மாதிரி. அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

நூற்றிருபது வருஷம் முன்னால் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் இந்தப் பெயரில் தொண்ணூறு சொச்சம் பேர், எல்லோரும் அந்த ஒரே பள்ளத்தாக்கில். இப்போது தேசம் முழுக்கத் தேடினால் பதினேழு பேர். மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன். இரண்டு யுத்தத்தில் பிள்ளைகள் போனார்கள், பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு வேறு பெயருக்குப் போனார்கள் என்றாள். நாலு பெண்ணைப் பெற்றவனோடு அந்தக் கிளை முடிந்துபோகிறது. மனுஷர்கள் அழியவில்லை, பெயர்தான். ஆனாலும் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

பதினேழு பேரில் ஒருவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கடை வைத்திருக்கிறாராம். விலாசம் வாங்கிக்கொண்டேன். காமு மன்னியை மருந்து மறக்காமல் சாப்பிடச் சொல்.

பட்டு


சிட்லபாக்கம்,
22 ஆகஸ்ட் 2003

பட்டுவுக்கு ஆசீர்வாதம். நேற்று ஒரு நல்ல மழை, மன்னிக்கு ஒருநாள் தலைவி பதவியிலிருந்து ஓய்வு.

உன் கடிதத்தை நான் படித்தபின் காமு படித்தாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கொல்லைப்பக்கம் போனோம். திரும்பி வந்தபோது அது இடம் மாறியிருந்தது. சுப்ரஜா அன்று ராத்திரி இரண்டாம் முறை ரசம் கேட்டாள்.

அந்தப் பையனை வீட்டுக்கு வரச்சொன்னேன். வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையும் அலம்பிக்கொண்டு உள்ளே வந்தான். என்னோடு தனியாகப் பேசவேண்டும் என்று மொட்டைமாடிக்கு வந்து நிறைய நேரம் பேசினான். எல்லாம் எழுதினால் காகிதம் கொள்ளாது. அவன் போட்டோ ஒன்றை இத்துடன் கவரில் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். பதினேழு பேரும் ஒரே வீட்டு வம்சம் என்றால் எல்லோரும் சகோத்திரம் ஆகிறதே. தங்களுக்குள் பெண் கொடுத்து வாங்குகிறார்களா? கடைக்காரரைப் பார்க்கும்போது நாசூக்காகக் கேள். இந்தியாவுக்கு அவர்களில் யார் வந்தார் என்பதையும் கேள்.

ஸ்ரீரங்கன்


லீட்ஸ்,
21 செப்டம்பர் 2003

அண்ணாவுக்கு நமஸ்காரம். இருவரும் சௌக்கியம்.

போன ஞாயிறு உமேஷ் காரில் அழைத்துப்போனான். ஊர் என்றால் ஒரு தெரு, ஒரு சர்ச், ஒரு பாலம். மலையெல்லாம் ஆடு. கடைக்காரர் பெயர் ஆலன் விதர்கில், ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூன்று தலைமுறையாக உணவுப் பொருள் வியாபாரம். கடை லீவு நாளிலும் எங்களுக்காகத் திறந்து, உட்காரவைத்து டீ கொடுத்தார். ரொம்ப மரியாதை.

உன் சகோத்திர விசாரணையைச் செய்தேன். அவர் மனைவியே பிறந்த வீட்டிலும் விதர்கில்தானாம். தூரத்து உறவு. நீ தலையில் கை வைக்கவேண்டாம். நம்மில் அத்தை பிள்ளைக்கு மாமா பெண்ணைக் கொடுக்கவில்லையா? கொடுக்கலாம் என்று ஒருத்தி நினைத்தால் அதில் பாபமும் இல்லை.

இந்தியாவுக்கு வந்தது டாம் விதர்கில் என்பவர். ஆலனின் தாத்தாவுக்கு அண்ணா. செங்கல்பட்டில் ரயில் என்ஜின் ஓட்டினாராம். வயதான பிறகு இங்கே திரும்பி வந்து இந்த ஊரிலேயே காலமானார். அவரைப் பற்றித் தாத்தா சொன்னதையெல்லாம் ஆலன் சொன்னார். பழைய கதை, எழுத ஒன்றுமில்லை.

பீர்க்கன்கரணை விலாசமும் போன் நம்பரும் கேட்டார், கொடுத்திருக்கிறேன். நல்ல குடும்பம் அண்ணா. ஒரு குறையும் இல்லை.

பட்டு


சிட்லபாக்கம்,
9 அக்டோபர் 2003

பட்டுவுக்கு ஆசீர்வாதம். நவராத்திரி நல்லபடியாக முடிந்தது. சுண்டல் வாங்க ஹெக்டர் வீட்டு அம்மாள் தன் பெண்ணோடு வந்திருந்தாள். பாட்டுப் பாடச் சொன்னதற்கு சர்ச்சில் பாடுகிற இரண்டு கீர்த்தனை பாடினாள். எதிர்வீட்டு மாமி பாதியிலேயே எழுந்து போனாள். சுண்டலை மட்டும் மறக்கவில்லை.

உன் கடிதம் திருப்தி. ஆனால் ஒன்றை நீ தெளிவாக எழுதவில்லை. டெரன்ஸ் அந்த டாமின் நேர் வாரிசுதானா? டாமின் பிள்ளை, அவர் பிள்ளை, அவர் பிள்ளை ஹெக்டர் என்று வருகிறதா? விசாரணை என்று இறங்கிவிட்டால் வேர் வரைக்கும் போகவேண்டாமா. உள்ளதை எழுது. உன் வார்த்தைதான் எனக்கு முடிவு.

ஸ்ரீரங்கன்


லீட்ஸ்,
10 நவம்பர் 2003

அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் தாமதம், மன்னிக்கவும். ஜலதோஷம், பிறகு தீபாவளி, பிறகு ஏதோ ஒன்று. நாலு தரம் எழுத உட்கார்ந்தேன்.

நேர் வாரிசுதான். நீ அனுப்பிய போட்டோவை ஆலனிடம் காட்டியிருந்தேன். பார்த்ததுமே, மூக்கு அப்படியே எங்கள் வீட்டு மூக்கு என்றார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கல்யாணத்தை நடத்து. தை மாசம் நல்ல மாசம்.

உமேஷ் உன்னையும் மன்னியையும் விசாரித்தான். உடம்பு ஜாக்கிரதை.

பட்டு


சிட்லபாக்கம்,
28 நவம்பர் 2003

என் அருமைப் பட்டுவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே.

உன் கடிதம் வந்த மறுநாள் ஹெக்டர் ஸ்கூட்டரில் வந்தார். “சார், இங்கிலாந்துலேர்ந்து போன் வந்துச்சு. நம்ம பேர்க்காரரு. அரை மணி பேசுனாரு. உங்க தங்கச்சிகிட்ட டாம் தாத்தா கதைய முழுக்கச் சொல்லிட்டாராம். அவங்க இன்னா எழுதினாங்க சார்?” என்று கேட்டார். நான் உன் கடிதத்தை எடுத்து மூக்கு வரியைப் படித்துக் காட்டினேன். அவர் தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து காமு உள்ளே போய்விட்டாள்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன குழந்தைக்கு யார்க்‌ஷயர் மூக்கு எப்படி வரும் பட்டு? டெரன்ஸ் அன்றைக்கே மொட்டைமாடியில் சொல்லிவிட்டான். “சார், நீங்க இங்கிலாந்துல விசாரிக்கிறதா சுப்ரஜா சொன்னா. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எங்க கொள்ளுத்தாத்தாவ டாம் எடுத்து வளர்த்தாரு. அவரு கல்யாணமே பண்ணிக்கல. எங்களுக்கு இருக்கிறது அவரு குடுத்த பேரு மட்டும்தான். நாங்க யாரு வீட்டுப் பிள்ளைங்கன்னு எங்களுக்கே தெரியாது” என்றான். மறைத்திருந்தால் எனக்கு ஜன்மத்துக்கும் தெரிந்திருக்காது. அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

நமக்குப் புரோகிதம் செய்கிற வாத்தியாரிடம் ஜாடையாகக் கேட்டேன். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம் என்றார். நமக்கு ஸ்ரீவத்ஸம், இடிக்கவில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பீர்க்கன்கரணைக்காரருக்கு இதெல்லாம் தெரியவேண்டாம்.

பின்னே ஏன் தெரிந்துகொண்டே உன்னைக் கேட்டேன் என்பாய். பயம்தான். குலம் கோத்திரம் தெரியாத இடம் என்று நானே எழுதி, நீ வேண்டாம் என்றுவிட்டால்? பெண்ணையும் விடமுடியாது, உன்னையும் விடமுடியாது. உமேஷுக்கு நம் சுப்ரஜாவை நீ மனசில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். நீ வாய்விட்டுக் கேட்கவில்லை, நானும் தெரியாதவன் போல இருந்துவிட்டேன். குறை இருந்தால் அதைக் கண்டுபிடித்து எழுத உன்னைவிட நியாயம் உள்ளவர்கள் உலகத்தில் இல்லை. அந்த நீயே கண்டுபிடித்து, அதை மறைத்து, மூக்கு வைத்து அனுப்பியிருக்கிறாய். இதற்குமேல் எனக்கு எந்த விசாரணையும் வேண்டாம்.

ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. தாம்பரம் ஆபீஸ் போர்டில் சுப்ரஜா பெயரும் டெரன்ஸ் பெயரும் ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்று ஹெக்டர், ஒன்று நான். மூன்றாவது இடத்துக்கு யாரையும் சொல்லவில்லை. ஜனவரி இருபத்தைந்துக்குள் வந்து சேர்.

உன் அண்ணா


லீட்ஸ்,
13 டிசம்பர் 2003

அண்ணாவுக்கும் மன்னிக்கும் பட்டுவின் நமஸ்காரம். நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியதை இந்தத் தடவை நம்பினேன். நானும் சௌக்கியம்.

பெரிய திருடன் நீ. நாலு தரம் கிழித்து எழுதின பொய்யை அப்படி ஹெக்டருக்குப் படித்துக் காட்டுவார்களா?

சரி, நானும் உள்ளதைச் சொல்கிறேன். அது உணவுப் பொருள் கடைதான், கறிக்கடை. நான் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் புரிந்துகொண்டு பக்கத்து அறையில் உட்காரவைத்தார். டாம் கதையைச் சொன்னபோது எனக்கு உள்ளே என்ன ஓடிற்று தெரியுமா? இதை எழுதினால் போதும், சுப்ரஜா நம் அகத்துக்கு வந்துவிடுவாள் என்று ஓடிற்று. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் அண்ணா. பொய் சொல்லமாட்டேன்.

அப்புறம் அவர், பீர்க்கன்கரணையில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா, அம்மா, பிள்ளை, பெண், நாலு பேர் என்றேன். மனைவியை உள்ளிருந்து கூப்பிட்டு, “நாம் பதினேழு இல்லை, இருபத்தொன்று” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ரத்த சம்பந்தம் இல்லையே என்றேன், உமேஷ்தான் இங்கிலீஷில் சொன்னான். டாம் பெயர் கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பி வாங்க நான் யார் என்றார் அவர். நூறு வருஷம் முன்னால் ஒருத்தன் யாரையும் விசாரிக்காமல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அந்தக் குடும்பத்தை விசாரிக்க நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பி வரும்போது உமேஷ், “அம்மா, மாமாவுக்கு என்ன எழுதப்போறே?” என்றான். உனக்காகத்தான் யோசிக்கிறேன் என்றேன். “சுப்ரஜா என்னைக் கேக்கலை, நானும் அவளைக் கேக்கலை. நீயும் மாமாவும்தான் ரெண்டு வருஷமா பேசாமலே பேசிண்டிருக்கேள்” என்றான். காரில் ஹீட்டர் போட்டிருந்தும் எனக்கு அப்போதுதான் சூடு தட்டிற்று.

டிக்கெட் வாங்கியாயிற்று. ஜனவரி இருபதாம் தேதி வருகிறேன். இந்தக் கடிதத்தை சுப்ரஜாவிடம் நீயே கொடு, மேஜையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகவேண்டாம். அத்தைக்குச் சம்மதம் என்று அவள் கண்ணாலேயே படிக்கட்டும். உமேஷுக்கு நீ ஒரு பெண் பார். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் நீயே போய் மோர் குடித்துவிட்டு வா.

பட்டு